சோகை

ஆடிப்பட்டத்தில் மொட்டைமாடியில் விதைத்த பீர்க்கை, ஆவணிக் கடைசியில் பூக்கத் தொடங்கியது. முதலில் வந்தவையெல்லாம் ஆண்பூக்கள். கொத்துக்கொத்தாகச் சாயங்காலம் விரிந்து, மறுநாள் வாடி விழுந்தன. பிறகுதான் அடியில் விரல்நுனி அளவு பிஞ்சோடு பெண்பூ வந்தது. கல்லூரியிலிருந்து வந்ததும் வராததுமாக மாடிக்கு ஏறிப் பார்த்தேன். பூவைப் பார்த்த கண் கீழே இறங்கியபோது, கொடியின் அடியில் நான்கு இலைகள் மஞ்சளாக இருந்தன. ஒரு வாரத்தில் நான்கு ஏழானது.

பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டேன். தண்ணீர் போதவில்லை என்றார் கணவர். எப்சம் உப்பு போடச் சொன்னார் பக்கத்து மாடிக்காரர். கண்பட்டிருக்கும் என்றார் கீழ்வீட்டு அம்மா. "வயசானா கீழ் இலை பழுக்கத்தானே செய்யும் மேடம்" என்றார் துறையில் ஒருவர். நான் யார் சொன்னதையும் விட்டுவைக்கவில்லை. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். எப்சம் உப்பைக் கரைத்து ஊற்றினேன். வேப்பெண்ணெய் தெளித்தேன். ஒரே வாரத்தில் இத்தனையும் செய்தால் எது உதவியது, எது கெடுத்தது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

புரட்டாசியில் ஊரிலிருந்து அம்மா வந்தாள். நெல்லிக்குப்பம் பக்கம் எங்கள் ஊர், கரும்புப் பூமி. அம்மா பூவைப் பார்க்கவில்லை. செடிப்பையின் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"மேல கொழுந்து எப்படி இருக்கு?"

"பச்சையாத்தான் இருக்கு."

"மஞ்சள் கீழேருந்து ஏறுதா, அங்கங்க திட்டுத்திட்டா வருதா?"

"கீழேருந்துதான் ஏறுது."

ஓர் இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தாள். பிறகு ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டு எடுத்தாள். "தண்ணி நிக்குது. வேர் மூச்சு வுட முடியாம கெடக்கு. அதோட பையில இருந்த சோறும் தீந்துபோச்சு. பூ வெச்ச நேரத்துல அது எங்க போவும்?"

அம்மா கேட்ட வரிசையில் ஒரு முறை இருந்தது என்பதைப் பிறகு படித்துத்தான் புரிந்துகொண்டேன். தழைச்சத்து செடிக்குள் இடம்பெயரும். அது குறைந்தால், செடி முதிய இலைகளில் இருப்பதைப் பிரித்தெடுத்துக் கொழுந்துக்கும் பூவுக்கும் பிஞ்சுக்கும் அனுப்பும். அதனால் அடியிலை முழுதும் ஒரே சீராக வெளுக்கும். மெக்னீசியமும் அப்படி நகரக்கூடியதுதான். ஆனால் அதன் குறையில் நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளாகும். சாம்பல்சத்து குறைந்தால் இலையின் ஓரம் கருகும். இரும்பு எளிதில் நகராது. அந்தக் குறை கொழுந்தில்தான் முதலில் தெரியும். நரம்புகளுக்கு நடுவே கோணலான மஞ்சள் திட்டுகளும் இலையின் அடியில் சாம்பல் பூச்சும் இருந்தால் அது அடிச்சாம்பல் நோய். மண் ஈரமாக இருந்தும் இலை தொங்கினால் வேருக்குக் காற்று கிடைக்கவில்லை. ஒன்றிரண்டு அடியிலை மட்டும் பழுத்து அதோடு நின்றால், அதுதான் முதுமை. அதை விட்டுவிடலாம்.

என் பையில் பாதிக்குமேல் தென்னை நார்க்கழிவு. அதில் செடிக்கான உணவு குறைவு. போட்டிருந்த கொஞ்சம் மண்புழு உரத்தையும் நான் இரண்டு வேளை ஊற்றிய தண்ணீர் கரைத்து வெளியே கொண்டுபோயிருந்தது. தழைச்சத்து கேட்ட செடிக்கு மெக்னீசியம் கொடுத்திருக்கிறேன். மூச்சுத் திணறிய வேருக்கு மேலும் மேலும் தண்ணீர் கொடுத்திருக்கிறேன்.

அம்மா பையின் அடித்துளைகளைக் குச்சியால் குத்திவிட்டாள். இரண்டு நாள் தண்ணீர் நிறுத்தினோம். மக்கிய சாணமும் மண்புழு உரமும் போட்டோம். கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து, நிறையத் தண்ணீர் கலந்து ஊற்றினோம். "மஞ்சளான இல திரும்பப் பச்சையாவாது. அதையே பாத்துக்கிட்டு இருக்காத. அதுக்கு மேல இருக்கறது மஞ்சளாவாம நிக்குதான்னு பாரு" என்றாள்.

சொல்லிக்கொண்டே பழுத்த இலைகளைக் கீழ்நோக்கி இழுத்துக் களைந்தாள். அந்தக் கையசைவு எனக்குத் தெரியும். கரும்பில் அடித்தோகைகள் காய்ந்து தொங்கும். அதற்குச் சோகை என்று பெயர். ஐந்தாம் மாதமும் ஏழாம் மாதமும் சோகை உரிப்பார்கள். கரும்பு இலையின் ஓரம் ரம்பம்போல அறுக்கும். எங்கள் ஊரில் கரும்பு வெட்டுவது ஆண்களின் வேலை, சோகை உரிப்பது பெண்களின் வேலை; கூலி அதில் பாதிதான். அம்மாவின் முன்கையில் இன்றும் கோடுகோடாகத் தழும்பு இருக்கிறது. அந்தக் கூலியில் படித்துத்தான் நான் தமிழில் முனைவர் பட்டம் வாங்கினேன். அகராதியில் சோகை என்ற சொல்லுக்குக் கரும்பின் தோகை என்றும், இரத்தம் குறைந்து உடல் வெளுக்கும் நோய் என்றும் பொருள் இருக்கும். இரண்டும் எங்கள் வீட்டிலேயே இருந்ததை நான் கவனிக்கவில்லை.

கீழே இறங்கி, மறுபடி உரம் எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறினேன். நடுவில் இரண்டு முறை நின்று மூச்சு வாங்கினேன். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். "இங்க வாடி" என்று வெளிச்சத்தில் நிறுத்தி, என் கண்ணின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்த்தாள்.

"உள்ள வெள்ளையா கெடக்கு. மாசத்துக்கு எத்தன நாள் போவுது?"

"எட்டு நாள், சமயத்துல ஒன்பது."

"எத்தினி மாசமா?"

"ரெண்டு வருஷமா."

அம்மா பதில் சொல்லவில்லை. கையிலிருந்த மஞ்சள் இலையைக் கீழே போட்டாள்.

அந்த இரண்டு வருடமும் எனக்கும் ஆளுக்கொரு காரணம் சொல்லியிருந்தார்கள். 46 வயதில் இப்படித்தான் இருக்கும். விடைத்தாள் திருத்துவதால் அசதி. டென்ஷன். எழுதுகிறவள், அதிகம் யோசிக்கிறாள். ஒரு மருத்துவர் கையைக்கூடப் பிடித்துப் பார்க்காமல் சத்து டானிக் எழுதினார். இன்னொருவர், "குழந்தைதான் பெத்தாச்சே, கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்றார். எத்தனை நாள் இரத்தம் போகிறது என்று அதற்குமுன் அவர் கேட்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. குறுந்தொகையை ஆயிரம் பேர் நடுவில் பேசத் தெரிந்த எனக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை.

பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7.2 என்று வந்தது. பெண்களுக்கு 12க்குக் கீழே போனாலே சோகை. ஃபெரிட்டின் என்று இன்னொரு பரிசோதனையும் எடுத்தார்கள். அது உடல் சேமித்து வைத்திருக்கும் இரும்பின் கணக்கு. இரும்பு குறையும்போது முதலில் இந்தச் சேமிப்புதான் காலியாகும். ஹீமோகுளோபின் அதற்குப் பிறகுதான் விழும். இரண்டு வருடமாகச் சேமிப்பை எடுத்துத்தான் வகுப்பில் நின்றிருக்கிறேன். ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி தெரிந்தது. மூன்றாவது மருத்துவர் வழிகளையெல்லாம் பொறுமையாக விளக்கி, முடிவை என்னிடம் விட்டார். கட்டிக்கும் சோகைக்கும் மருத்துவம் தொடங்கியது. சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்பு உடலில் சேர்வது குறையும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபிறகு மிச்சத்தையும் டீயையும் சேர்த்து முடிப்பதுதான் என் பல வருடப் பழக்கம்.

20 வருடமாகப் பசலை நடத்துகிறேன். பிரிவால் தலைவியின் மேனியில் படரும் நிறம் என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். திருக்குறளில் அதற்கென்று 119ஆம் அதிகாரமே இருக்கிறது. குறுந்தொகையில் ஒரு பாட்டு, தலைவியின் நெற்றி வெளுத்ததைத் தலைவனுக்குத் தெரிவிக்க, தோட்டத்தில் மழைக்கு மலர்ந்த பீர்க்கம்பூவைக் கொண்டுபோய்க் காட்டச் சொல்கிறது. அழகான பாட்டு, இன்றும் விரும்பித்தான் நடத்துகிறேன். ஆனால் பெண் வெளுத்தால் அதற்குக் காரணம் ஓர் ஆண்தான் என்று படித்துப் படித்தே பழகிவிட்டோம். இல்லையென்றால் வயது, இல்லையென்றால் மனசு. என்ன சாப்பிட்டாள், எவ்வளவு இழக்கிறாள் என்ற கேள்வி கடைசியில்கூட வருவதில்லை.

2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில், 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 100க்கு 57 பேருக்குச் சோகை இருந்தது. அதே வயது ஆண்களில் 25 பேருக்கு. பாதிக்குமேல் செடிகள் வெளுத்திருக்கும் தோட்டத்தில் ஒவ்வொரு செடிக்கும் தனித்தனியாக வயதைக் காரணம் சொல்ல எந்த விவசாயியும் துணிய மாட்டார். மண்ணைத்தான் பார்ப்பார். அடியிலை தன்னைக் கொடுத்துப் பூவைக் காப்பாற்றுகிறது என்று நானே முன்பு ஒரு கவிதை எழுதியிருக்கிறேன், தாய்மையைப் பற்றி. மேடையில் கைதட்டல் வாங்கிய கவிதை. அதை இனி வாசிக்க மாட்டேன். அந்த இலை எதையும் மனமுவந்து கொடுக்கவில்லை. பையில் சோறு இல்லாததால் அதிலிருந்து எடுக்கப்படுகிறது.

பீர்க்கையில் மஞ்சள் ஒன்பதாவது இலையோடு நின்றது. ஐப்பசியில் ஐந்து காய் பறித்தோம். எனக்கு ஹீமோகுளோபின் 11ஐத் தொட ஐந்து மாதம் ஆனது.

இதையெல்லாம் எழுதும்போது ஒரு மாணவியின் நினைவு வருகிறது. சில வருடங்களுக்கு முன் பசலை நடத்திக்கொண்டிருந்தபோது, கடைசி பெஞ்சிலிருந்து எழுந்து, "தலைவிக்கு ரத்தம் கம்மியா இருந்திருக்குமோ மேடம்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். விடுதியில் தங்கிப் படித்த பெண். காலை வகுப்பில் அடிக்கடி மேசைமேல் தலைசாய்த்துக்கொள்வாள். அதற்காகத் திட்டியும் இருக்கிறேன்.

அவள் கேட்டது தலைவிக்காகத்தானா என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. இப்போது பசலை நடத்தும் நாளில், பாடம் தொடங்குமுன், காலையில் யாரெல்லாம் சாப்பிட்டீர்கள் என்று கேட்கிறேன். கை தூக்காதவர்களை எண்ணிக்கொள்கிறேன்.