கச்சான் சோஸும் நான் வகுப்பில் சொன்ன ஒரு கதையும்

இரண்டு கிழமைக்கு முன் மகள் போனைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் வந்தாள்.

"உம்மா, இந்த தாய்லாந்து சோஸ் செஞ்சி தாங்க. பத்து நிமிசந்தானாம்."

பார்த்தேன். கோழி இறைச்சியைக் குச்சியில் குத்திச் சுட்டிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் மண்ணிறச் சோஸ். சதே என்று பெயர். சோஸுக்கு பீனட் பட்டர் ஒரு போத்தல் போடுகிறார்கள். அந்தப் போத்தலின் விலையைக் கடையில் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். மற்றதெல்லாம் வீட்டிலேயே இருந்ததுதான் எனக்கு ஆச்சரியம். தேங்காய்ப்பால், பழப்புளி, செத்தல் மிளகாய், வெள்ளைப்பூடு, சேரை. மீன் சோஸ் இல்லை, ஆனால் மாசி இருக்கிறது. பிறகென்ன தாய்லாந்து?

சதே தாய்லாந்தில் பிறந்ததுமில்லை. ஜாவா, மலாய்ப் பக்கமிருந்து அங்கே போன சாப்பாடு. ஒல்லாந்தர் காலத்தில் அந்தத் தீவுகளிலிருந்து படைவீரர்களாகவும் நாடுகடத்தப்பட்டவர்களாகவும் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழியில் வந்தவர்கள்தான் கொம்பனித்தெருவிலும் அம்பாந்தோட்டையிலும் இருக்கிற மலாயர்கள். மலாய் மொழியில் இதற்குப் பெயர் கச்சாங். நமக்குக் கச்சான். நமது சேரை அவர்களுக்குச் செராய். சிங்களத்தில் ரட்ட கஜு, அதாவது பிறநாட்டு முந்திரி. தமிழ்நாட்டில் சில ஊர்களில் மணிலாக்கொட்டை. தென் அமெரிக்காவில் இருந்து வந்த விருந்தாளிக்கு ஊருக்கொரு பெயர். நம்மூரில் இன்னொரு கச்சானும் இருக்கிறது, வெயில் காலத்தில் மேற்கே இருந்து வந்து முகத்தைச் சுடுகிற காற்று. தாய்லாந்தில் கச்சானும் புளியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து ஆக்குகிற மஸ்ஸமான் கறியின் பெயரும் 'முசல்மான்' என்ற சொல்லிலிருந்துதான் வந்ததாம். அங்கேயும் நம்ம ஆக்கள் குசினிவரை போயிருக்கிறார்கள்.

சரி, கதைக்கு வாறேன். உரித்த கச்சான் கால் கிலோ வாங்கி, கேஸ் அடுப்பைக் கூட்டி வைத்து வறுத்தேன். வெளியே கருகிவிட்டது, உள்ளே பச்சை. அரைத்துச் சோஸ் ஆக்கினால் கசப்பு. மகள் ஒன்றும் சொல்லவில்லை. எழும்பிப் போய்த் தக்காளி சோஸ் போத்தலை எடுத்து வந்தாள்.

அடுத்த நாள் அஸருக்குப் பிறகு கடற்கரைக்குப் போனேன். வறுத்த கச்சானையே வாங்கி அரைத்துவிடலாம் என்று நினைப்பு. வழமையாக ஒரு ராத்தா அங்கே தாச்சியில் மண் போட்டுக் கோதோடு கச்சான் வறுத்து விற்பா. அவவுக்குப் பின்னால் பழைய கொப்பித் தாளில் சரை சுற்றிக்கொண்டிருந்த பையன் என்னைக் கண்டதும் எழும்பி நின்றான். வகுப்பில் நிற்பது போலவே நின்றான். தரம் 9இல் என்னிடம் படிக்கிறவன்.

எனக்குக் கால் நகரவில்லை. காரணம் இதுதான். அதற்கு முந்திய கிழமை அதே வகுப்பில் வீட்டுவேலை செய்யாமல் வந்தவர்களை எழுப்பி வைத்து ஏசினேன். "படிக்காட்டி கடற்கரையில கச்சான் வறுக்கத்தான் போகோணும்" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். நாலைந்து பேர் திரும்பி ஒருவனைப் பார்த்தார்கள். அதைக் கண்டேன். ஏன் என்று யோசிக்காமல் பலகைப் பக்கம் திரும்பிவிட்டேன். அன்றைக்கு அவன் வீட்டுவேலை செய்துகொண்டு வந்திருந்தான்.

"டீச்சரா? இவன் வீட்டில உங்களப் பத்தித்தான் கதைக்கிற. நல்லாப் படிப்பிக்கிறாங்களாம்" என்றா ராத்தா.

அவன் சொல்லவில்லை. உம்மாவிடம் சொல்லவே இல்லை. குனிந்து தாளைச் சுற்றிக்கொண்டிருந்தான்.

வாய்க்கு வேறு ஒன்றும் வராமல், கச்சான் கருகிய கதையைச் சொன்னேன். ராத்தா சிரித்துவிட்டு விளக்கினா.

"நெருப்பக் கூட்டினா கருகும் டீச்சர். முதல்ல மண்ணுதான் சுடணும். மண்ணு எல்லாப் பக்கத்தாலயும் ஒரே சூட்டக் குடுக்கும். வீட்டில உரிச்ச கச்சான் எண்டா மண்ணு வேணாம், நெருப்பக் குறைச்சிப் போட்டுக் கை விடாமக் கிண்டுங்க. வறுபட்டிட்டு எண்டு தெரியிறதுக்குக் கொஞ்சம் முன்னுக்கே இறக்கிடணும். இறக்கின புறகும் அது வேகும்."

கையால் கிளறிச் சுருங்கியதையும் கறுத்ததையும் எடுத்து எறிந்துகொண்டே இருந்தா. அது வெறும் பழக்கமில்லை. பூஞ்சணம் பிடித்த கச்சானில் அஃப்ளடொக்சின் என்ற நஞ்சு இருக்கும், ஈரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. பாடப் புத்தகம் வைத்திருக்கிற நான் முதல் நாள் ஒரு மணியைக்கூடப் பார்த்துப் பொறுக்கவில்லை.

காசு கொடுத்தேன். மேலதிகமாக ஒரு சரையைக் கையில் திணித்தா. வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை.

செய்முறை கேட்டவர்களுக்கு: வறுத்துத் தோல் நீக்கிய கச்சான் ஒரு கப். பாதியை மாவாகவும் பாதியைக் குறுணியாகவும் கிரைண்டரில் அடியுங்கள். 4 செத்தல் மிளகாய், 3 பல் வெள்ளைப்பூடு, சேரையின் அடித்தண்டு ஒன்று, ஒரு தேக்கரண்டி மாசித்தூள் சேர்த்து அரைத்து, கொஞ்சம் எண்ணெயில் பச்சை வாசம் போக வதக்குங்கள். தேங்காய்ப்பால் ஒரு கப் விட்டு, கச்சானைக் கொட்டி, சிறு நெருப்பில் 5 நிமிடம். எண்ணெய் மேலே மிதக்கும்போது கட்டியான புளிக்கரைசல் ஒரு மேசைக்கரண்டி, சீனி ஒரு மேசைக்கரண்டி, அளவாக உப்பு. ஆறினால் இறுகும், சுடுதண்ணீர் விட்டு இளக்கலாம். தேங்காய் 200 ரூபாய் விற்ற நாட்களில் என்றால் பாலில் பாதியைக் குறைத்துத் தண்ணீர் விடச் சொல்லியிருப்பேன். கச்சான் சிலருக்கு ஒவ்வாது, மூச்சே அடைக்கும். அடுத்தவர் பிள்ளைக்குக் கொடுக்கும் முன் கேளுங்கள். பத்து நிமிடம் என்பது கச்சான் வறுத்து இருந்தால் மட்டும்.

இந்த முறை மகள் கிண்ணத்தை வழித்தாள்.

அடுத்த பாடவேளையில் தரம் 9இல் சொன்னேன்: "போன கிழமை கச்சான் வறுக்கிறதப் பத்தி ஒண்டு சொன்னன். அது பிழை. அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. எனக்கு அந்த வேலை தெரியவும் தெரியா, வீட்டில தாச்சியைக் கருக்கிட்டன்." பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் சிரித்தானா என்று பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

மணி அடித்த பிறகு ஒரு சின்னப் போத்தலில் சோஸை அவனிடம் கொடுத்து, உம்மாவுக்குக் கொடுக்கச் சொன்னேன். இரண்டு நாளில் போத்தல் கழுவித் திரும்பி வந்தது, நிறைய வறுத்த கச்சானோடு.

"உம்மா என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான்: "கச்சான் நல்லா வறுபட்டிரிக்காம் டீச்சர். ஆனா இனிப்புக் கூடவாம். சோத்தோட சாப்பிட ஏலாதாம்."