மாடிச் சாவி

அடியே பெஞ்சுக்காரி,

நீ வாட்ஸ்அப்புல ஒரு வரி கேட்டுட்ட, "வில்லாபுரத்துல என்னடி விசேஷம்"னு. அதுக்குப் பதிலு போன்ல தட்டி மாளாது. அதான் பேனாவ எடுத்தேன்.

தலைக்கு மேல ஏரோப்பிளேன் போறது, தண்ணி லாரிக்குச் சண்டை, வெற்றி தியேட்டர்ல புதுப்படம் வந்தா ரோட்ட அடைச்சுக்கிறது எல்லாம் பழையபடிதான். விசேஷம் எதுத்த வீட்டு மாடியிலதான். தை மாசம் ஒரு அக்கா குடிவந்தாங்கன்னு சொன்னேன்ல? அவங்க மகனுக்கு 17 வயசு. ஆட்டிசம், பேச்சு வராது. மீசை அரும்புது, ஆளு உன் வீட்டுக்காரர் உசரம் இருப்பான். சும்மா இருக்கையில அவன மாதிரி சாது கிடையாது. ஆனா வீட்டுக்கு நாலு பேர் வந்துட்டாப் போதும், பத்து நிமிசத்துல சில்வர் தட்டு பறந்து வாசல்ல விழும். அப்புறம் தன் கையையே கடிப்பான். கட்டை விரலுக்குக் கீழ கடிச்சுக் கடிச்சு, செருப்புத்தோல் மாதிரி காய்ச்சுப் போயிருக்குடி. பாத்தா உனக்குச் சோறு இறங்காது.

தெருவுல ஆளுக்கொரு வைத்தியம். கடைக்கார அண்ணன் "முனி அடிச்சிருக்கு"ங்கிறாரு. கீழ் வீட்டு ஓனரம்மா "ரெண்டு போட்டு வளர்த்திருந்தா இப்படி ஆகுமா"ங்குது. நான் மட்டும் யோக்கியமா? "செல்லம் குடுத்துக் கெடுத்துட்டாங்க"ன்னு உங்கிட்டயே போன்ல சொன்னவதானே நான்.

ஒரு நா அந்த அக்காவோட நாத்தனா வந்து, "ஏர்வாடியில கொண்டுபோய் விட்ரலாம் மதினி"ன்னு வாயை விட்டுச்சு. அக்கா குரல் அவ்வளவு ஒசந்து நான் கேட்டதே இல்ல. "28 பேரு வெந்த ஊரு, அங்கயா?"ன்னு கத்துனாங்க. உனக்கு ஞாபகம் இருக்கா, 2001 ஆகஸ்டு 6? தர்கா பக்கத்துல தனியார் நடத்துன மனநோயாளிக காப்பகம், கீத்துக் கொட்டகை. விடியக்காலைல தீப்பிடிச்சப்ப சங்கிலியில கிடந்த சனம் ஓட முடியாமச் செத்துச்சு. அதுக்கப்புறம்தான் சுப்ரீம் கோர்ட்டே தானா அந்தக் கேஸ கையில எடுத்துச்சு. 2017-ல வந்த மனநலச் சட்டம் எந்த ரூபத்துலயும் சங்கிலி போடக் கூடாதுன்னு சொல்லுது. அதுவும் போக, மனநோய் வேற, ஆட்டிசம் வேறடி. 2016 மாற்றுத்திறனாளி சட்டத்துல இருக்கிற 21 வகையில ரெண்டுக்கும் தனித்தனிப் பேரு. நம்ம தெருவுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

இப்ப சங்கதிக்கு வாரேன். அவன் படிக்கிற பள்ளிக்கூடத்து டீச்சரம்மா அக்காகிட்ட ஒரு நாப்பது பக்க நோட்டு போடச் சொன்னாங்களாம். மூணே கோடு: அதுக்கு முந்தி என்ன நடந்துச்சு, அவன் என்ன செஞ்சான், அப்புறம் நாம என்ன செஞ்சோம். அக்கா பால் கணக்கு நோட்டோட பின்பக்கமே போதும்னு ஆரம்பிச்சிருக்காங்க. எனக்கும் காட்டுனாங்க. "ஞாயிறு. சித்தி குடும்பம் வந்துச்சு, டிவி சத்தம். தட்டை எறிஞ்சான். மாடிக்குக் கூட்டிப் போனேன், அடங்கிட்டான்." கீழ, "வெள்ளி. கேஸ் பையன், பக்கத்து வீட்டுப் பிள்ளைக கும்மாளம். கை கடி. மாடிக்குக் கூட்டிப் போனேன்." மூணு வாரம் இதே கதை. கடைசிக் கோட்டுல எங்க பாத்தாலும் மொட்டை மாடி!

படிச்சுக்கிட்டே வந்தப்ப எனக்குச் சுருக்குன்னுச்சு. இத்தன நாளா நாம கிறுக்குன்னு நினைச்சது, அவன் மாடிக்குப் போக வழி கேட்டதுடி. கையப் பிடிச்சு இழுத்துப் பாத்திருப்பான், யாரும் கண்டுக்கல. தட்டு பறந்தாத்தான் கதவு திறக்குதுன்னு அவனுக்கு நாமதான் பாடம் நடத்தியிருக்கோம்.

இது ஒண்ணும் டீச்சரம்மா சொந்தச் சரக்கு இல்லையாம். 1985-லயே அமெரிக்காவுல எட்வர்ட் கார், மார்க் டூராண்டுன்னு ரெண்டு பேரு நாலு பிள்ளைகள வச்சுப் பாத்திருக்காங்க. பாடம் கஷ்டமானா ரகளை பண்ற பிள்ளைக்கு, புரியலைன்னு சொல்லப் பழக்குனா ரகளை குறைஞ்சுருச்சாம். இவனுக்குத்தான் வாயில பேச்சு இல்லையே? அதான் ஆணியில தொங்குற மாடிச் சாவிய எடுத்து அம்மா கையில வைக்கப் பழக்குனாங்க. சாவி கைக்கு வந்தா எந்த வேலையானாலும் போட்டுட்டுக் கதவைத் திறக்கணும். குழம்பு தீஞ்சாலும் சரி. மூணு தடவை தீஞ்சுச்சு, வாசனை எங்க வீடு வரைக்கும்.

தட்டு பறந்தா மட்டும் இனிக் கதவு திறக்காது. லேசுப்பட்ட காரியம்னு நினைக்காத. பழைய வழி பலிக்கலைன்னா மொதல்ல இன்னும் முரட்டுத்தனமாத்தான் வரும், பயந்துராதீங்கன்னு டீச்சரம்மா முன்னாடியே சொல்லியிருந்தாங்களாம். சொன்ன மாதிரியே ரெண்டாவது வாரம் ஜன்னல் கண்ணாடி போச்சு. ஓனரம்மா "வீட்டைக் காலி பண்ணு"ன்னுச்சு. ஓனரய்யாதான் சமாதானம் பண்ணுனாரு.

சித்திரையில இன்னொரு கூத்து. ஆள் யாரும் வரல, சத்தமும் இல்ல, ஆனா கன்னத்துல குத்திக்கிறான். சாவியக் குடுத்தாலும் தூக்கி எறியிறான். நோட்டைப் புரட்டுனா, எல்லாம் ஐஸ் தண்ணி குடிச்ச பிற்பாடு. பல் டாக்டர்கிட்ட போனா கடவாப்பல்லு சொத்தை, சீழ் வச்சிருக்கு. புடுங்குன நாலாம் நாளு பழைய சாது. நமக்குப் பல்லு வலிச்சா ஊரையே கூட்டுவோம். அவன் குத்திக்காம வேற எப்படிக் காட்டுவான்? திடீர்னு ஒரு புதுச் சேட்டை வந்தா மொதல்ல காது, பல்லு, வயிறு பாக்கணுமாம்.

அரசாங்கம் பராமரிப்புக்குன்னு மாசம் 2000 ரூபா குடுக்குது. பல்லுக்கும் கண்ணாடிக்கும் அது எந்த மூலைக்கு?

போன வாரம் ஓனர் வீட்டு மகளுக்கு வளைகாப்பு. வாசல்ல மைக்செட்டு, ஜன்னலெல்லாம் அதிருது. நான் அக்கா வீட்டுல அப்பளம் பொரிச்சுக்கிட்டு இருந்தேன். அக்கா பூ வாங்கப் போயிருந்தாங்க. அவன் அடுப்படிக்கு வந்தான், கடிக்கிற கைய வாய்கிட்ட கொண்டுபோனான், எனக்கு ஈரக்குலை நடுங்கிருச்சு. அப்புறம் என்ன நினைச்சானோ, திரும்பிப் போய்ச் சாவிய எடுத்தாந்து என் எண்ணெய்க் கையில வச்சான். அப்பளம் கருகுனா கருகட்டும்னு ஓடுனேன்.

கதவைத் திறந்தா, பின்னாடியே ஓனரய்யா பேப்பரும் கையுமா ஏறி வாரார். "சத்தம் தாங்கலம்மா, கொஞ்ச நேரம் நானும் இங்க உக்காந்துக்கிறேன்"ங்கிறார். அவர முனி அடிச்சிருக்குன்னு யாரும் சொல்லல பாரு!

வளைகாப்புக்கு வந்த சம்பந்தி பட்டுச்சேலை கதை தனியா ஒரு லெட்டருக்கு ஆகும். நீ மொதல்ல இதுக்குப் பதில் போடு.

உன்
கடைசி பெஞ்சு