முகமும் திரும்பட்டும்



ஆங்கிலத்தில் ‘டர்ன்’ வேறு, ‘ரிவர்ஸ்’ வேறு. ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து திரும்புகையில் முகமும் சக்கரமும் ஒருசேரத் திசை மாறுகின்றன. ‘ரிவர்ஸ்’ எடுக்கையிலோ சக்கரம் மட்டுமே பின்செல்லும். முகம் பழைய திசையையே பார்க்கும்.

குடியை விட்ட சகோதரர் ஒருவர் கிளியூரில் என்னிடம், “ஐயா, கால் விலகிவிட்டது, கண் இன்னும் அங்கேதான்” என்றார். லோத்தின் மனைவியும் கால்களால் சோதோமை விட்டவளே.

அப்போஸ்தலர் 3:19-இன் கிரேக்க மூலம் இரு சொற்களை இணைக்கிறது: ‘மெட்டனோயேயோ’, சிந்தை மாறுதல், ‘எபிஸ்ட்ரெஃபோ’, திரும்பி வருதல். விட்டு விலகுவது பாதிவழியே. எதை விட்டோம் என்பதையே நோக்கிக்கொண்டிராமல், யாரிடம் செல்கிறோம் என்று பாருங்கள். இளைய குமாரன் தூரத்தில் வருகையிலேயே தகப்பன் ஓடிவந்தாரே!