தாகத்துக்கு எது தோழி?

அக்கினி நட்சத்திரம் பிறந்துவிட்டால் போதும், வீட்டுக்கு வீடு 'ஜில்' வைத்தியம் ஆரம்பமாகிவிடுகிறது. புதுச்சேரியில் இருக்கும் என் சிநேகிதியும் ஒரு வைத்தியம் வைத்திருக்கிறாள். உயரமான கண்ணாடித் தம்ளரில் அன்னாசித் துண்டுகள், ஆரஞ்சுச் சுளைகள், பிழிந்த எலுமிச்சம்பழம், கிள்ளிப் போட்ட புதினா. மேலே பனிக்கட்டி, கொஞ்சம் ஜின், டானிக் தண்ணீர்! "வெயிலுக்கு இதை விட்டால் வேறு குளிர்ச்சி கிடையாதடி!" என்றாள். ஜின் விடாத தம்ளரை நான் வாங்கிக்கொண்டேன்.

இந்த ஜின்னுக்கு ஒரு கதை உண்டு. அது ஜூனிப்பர் என்ற சிறு காயின் வாசனை ஏற்றிய சாராயம். டானிக் தண்ணீரில் கசப்பது மலேரியாவுக்குக் கொடுத்த குயினா மருந்து. அந்தக் கசப்பை விழுங்குவதற்காக, நம் நாட்டில் இருந்த வெள்ளைக்காரர்கள் சர்க்கரை, எலுமிச்சை, ஜின் எல்லாம் கூட்டிக் குடித்தார்கள். மருந்தாக வந்தது, பிறகு விருந்தாகிவிட்டது!

ஆனால் அந்தத் தம்ளரில் உண்மையிலேயே நம்மைக் குளிர்விப்பது எது? எனக்கு விடை கிடைத்த இடம், அங்கிருந்து வடக்கே கடற்கரைச் சாலையில் இருக்கும் மரக்காணம்.

மரக்காணம் உப்பளத்தைப் பார்த்திருக்கிறீர்களா? பாத்தி கட்டி உப்பு நீரைத் தேக்கி, வெயிலையும் காற்றையும் கொண்டே தண்ணீரை விரட்டி உப்பைப் பிரிக்கிறார்கள். நிழலென்று பேருக்கு ஒரு மரம் இல்லை. தலையில் உப்புக் கூடையோடு வந்த ஒரு அம்மாள், கூடையை இறக்கிவிட்டுச் சொம்பிலிருந்து எதையோ மடமடவென்று குடித்தார்.

"என்னம்மா குடிக்கிறீங்க?"

"எலுமிச்சம்பழத் தண்ணிதான் பாப்பா. ஒரு கல்லு உப்புப் போட்டிருக்கேன்."

"உப்பிலேயே நிற்கிறீங்க, தண்ணியிலும் உப்பா?"

அவர் சிரித்தபடி ரவிக்கை முதுகைக் காட்டினார். வியர்வை காய்ந்து வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. "பாத்தியிலே மட்டுமா உப்பு விளையுது? இதை யார் திருப்பித் தருவாங்க?"

எவ்வளவு பெரிய உடற்கூறு பாடம்! வியர்வையோடு நீரும் போகிறது, உப்பும் போகிறது. இரண்டையும் திருப்பிக் கொடுப்பதுதான் தாகசாந்தி. ஜின்னோ இதற்கு நேர் விரோதி. சிறுநீர் அதிகம் போகாமல் தடுக்கும் சுரப்பியின் வேலையை மது அடக்கிவிடுகிறது. அதனால் உள்ள நீரும் வெளியேறிவிடுகிறது. தம்ளரில் குளிர்ச்சி தந்தது பழமும் பனிக்கட்டியும். பெயர் வாங்கிக்கொண்டது ஜின்!

இதை மரக்காணத்தில் வைத்துச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2023 மே மாதம் இதே மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் பல வீடுகளை இருட்டாக்கியது. விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் அந்த நாட்களில் 20-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. காரணம், தொழிற்சாலைகளில் பயன்படும் மெத்தனால். பார்த்தாலும் முகர்ந்தாலும் நல்ல சாராயத்திலிருந்து அதைப் பிரித்தறிய முடியாது. உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறி, முதலில் கண்ணைக் கெடுக்கிறது; பிறகு உயிரையே கேட்கிறது. குடித்தவருக்குக் கண் மங்குகிறது, வயிறு வலிக்கிறது என்றால், "போதை தெளியட்டும்" என்று படுக்க வைக்காதீர்கள். அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். ஒவ்வொரு மணி நேரமும் பெரிது.

இனி, சகோதரிகளே, உங்கள் வீட்டுத் தம்ளருக்கு வருவோம். காய்ச்சி ஆறிய தண்ணீர் ஒரு லிட்டர். அதில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. வயிற்றுப்போக்குக்கு வைத்தியர்கள் சொல்லும் அளவும் இதுதான். விருந்துக்கென்றால் இரண்டு எலுமிச்சம்பழம் பிழிந்து, இஞ்சிச் சாறு ஒரு தேக்கரண்டி விடுங்கள். ஜின்னின் 'சுருக்'கென்ற காரத்துக்கு இது ஈடு. தோல் உரித்து நறுக்கிய நான்கு நுங்கு, ஒரு கை அன்னாசித் துண்டு, கசக்கிய புதினா. கடைசியில் பனிக்கட்டி. இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு மட்டும் உப்பில்லாமல் தனியாக எடுத்து வையுங்கள்.

அழகான கண்ணாடித் தம்ளரிலேயே கொடுங்கள். குழந்தையும் குடிக்கலாம், பாட்டியும் குடிக்கலாம். வந்த விருந்தாளி நேராக நடந்து வீடு போய்ச் சேருவார்!