அறுவை வழிப் பேறும் பேறே



வில்லியனூர், பாகூர் பகுதிகளில் பெண்களுக்கான மார்க்க வகுப்புகளில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. "நாள் குறித்து ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். வலி காணாமல் பெற்றால் தாய்க்குரிய நன்மை குறையுமா?" இக்கேள்வியின் பின்னால் பெரும்பாலும் உறவினர் யாரோ வீசிய ஒரு சொல் இருக்கிறது.

குறையாது. திருக்குர்ஆன் (46:15) தாயின் சிரமத்தைச் சொல்லும்போது சுமந்ததையும் பெற்றதையும் பாலூட்டியதையும் சேர்த்தே சொல்கிறது. வயிற்றில் கீறலுடன் எழுந்து குழந்தைக்குப் பால் கொடுப்பவள் சிரமப்படவில்லை என்று யார் கூற முடியும்?

ஆயினும் தேவையை விசாரித்தறிவது நம் கடமை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 21.5 விழுக்காட்டுப் பிரசவங்களும் தமிழ்நாட்டில் 44.9 விழுக்காடும் அறுவை வழியே நடந்தன. நஞ்சு கீழிறங்கி வழியை மறைத்தல், குழந்தை குறுக்காகக் கிடத்தல், முந்தைய அறுவைத் தழும்பு போன்றவை தக்க காரணங்கள். நல்ல நாள், நேரம் பார்த்துத் தேதி கேட்பது நமக்கு ஆகாது. வேறு அவசரம் இல்லையெனில், குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்காக 39 வாரம் நிறையும் வரை காத்திருப்பதே வழக்கம்.

எல்லைப்பிள்ளைச்சாவடியிலுள்ள ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை, ஜிப்மர் ஆகியவை நமக்கு எட்டும் தொலைவில் உள்ளன. 2011இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி, அரசு மருத்துவமனைகளில் அறுவைப் பேறும் மருந்தும் இரத்தமும் இலவசம்.

அறுவைக்கு முன் ஆறு மணி நேரமாவது உணவு கூடாது. நகைகளோடு கருகமணியையும் கழற்றச் சொல்வார்கள். அதில் அபசகுனம் ஏதுமில்லை. தொழுகை நேரம் வந்துவிட்டால் தொழுத பின் உள்ளே செல்லுங்கள். பெண் மருத்துவரைக் கேட்கலாம். கிடைக்காதபோது நிர்ப்பந்தத்திற்கு மார்க்கத்தில் இடமுண்டு. கருத்தடை குறித்து அங்கே கேட்கக்கூடும். கணவனும் மனைவியும் முன்பே ஆலிம்களிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.

பெரும்பாலும் முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். நினைவு இருக்கும், இழுப்பதும் அழுத்துவதும் தெரியும், வலி தெரியாது. சில நிமிடங்களில் குழந்தை வெளிவந்துவிடும்; தையல் முடிய ஒரு மணி நேரம் வரை ஆகலாம். சிறுநீர்க் குழாய் பொருத்தியிருப்பார்கள். மறுநாளுக்குள் எழுந்து நடக்கச் செய்வார்கள். வலித்தாலும் நடப்பதே நல்லது; கால்களில் இரத்தம் உறையாதிருக்க அது உதவும். பாங்கு சொல்லுங்கள், ஆனால் சீம்பாலைத் தவிர வேறெதையும் குழந்தைக்குப் புகட்டாதீர்கள். காய்ச்சல், புண்ணில் சீழ், மிகுந்த இரத்தப்போக்கு, கால் வீக்கம், மூச்சுத்திணறல் ஏதேனும் கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அறுவைக்குப் பின்னும் பிறப்பு வழியே இரத்தம் வரும், அது நிஃபாஸ். அதன் உச்ச வரம்பு ஹனஃபி மத்ஹபில் 40 நாள், ஷாஃபிஈ மத்ஹபில் 60 நாள். குறைந்தபட்ச வரம்பு இல்லை. இருபதாம் நாளே நின்றுவிட்டால், நாற்பதுக்குக் காத்திராமல் குளித்துத் தொழ வேண்டும். புண்ணில் நீர் படக்கூடாதெனில், மற்ற இடங்களைக் கழுவிக் கட்டின் மீது மஸ்ஹு செய்ய வேண்டும். ஷாஃபிஈகள் தயம்மமும் செய்வர்.

ஆறு வாரமாவது அவளைத் தண்ணீர்க் குடம் தூக்க விடாதீர்கள். வீட்டு வேலைகளில் குடும்பத்தாருக்கு உதவுவது நபி (ஸல்) அவர்களின் வழிமுறை. கணவன்மார்கள் அதை மறக்க வேண்டாம்.

கர்ப்பிணிகள் அனைவருக்கும் அல்லாஹ் இலகுவாக்குவானாக, ஆமீன்.