கருப்பாயி அம்மா பாட்டும் எங்க ஊர் நடவும்

கொல்லங்குடி கருப்பாயி அம்மாவின் பாட்டுன்னா எனக்கு உயிர். சிவகங்கைச் சீமையில் காளையார்கோவில் பக்கத்து ஊர்க்காரர் அவர். நான் இருப்பதோ செஞ்சிக்குப் பக்கத்தில் வல்லம். அவர்கள் பேச்சு வேறு, எங்கள் பேச்சு வேறு. அவர்கள் 'வயல்' என்பதை நாங்கள் 'கழனி' என்போம். ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டால், எங்கள் ஊர்ப் பெரியம்மா யாரோ வரப்பில் நின்று கூப்பிடுவது போலத்தான் இருக்கும்.

பலருக்கும் அவரைத் தெரிந்தது 1985-ல் வந்த 'ஆண்பாவம்' படத்தால். அதில் பாட்டியாக நடித்து, 'பேராண்டி பேராண்டி' பாட்டையும் பாடினார். எனக்குப் பிடித்ததில் அதுதான் முதல். கேலி இருக்கும், அதற்குள்ளே பாசமும் இருக்கும். வீட்டுக் கிழவி திட்டுவது மாதிரி, கேட்டால் கோபம் வராது, சிரிப்புதான் வரும்.

அடுத்தது நடவு, களை வேலையோடு சேர்ந்த பாட்டுகள். ஒருத்தி முன்பாட்டு எடுக்க, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். பாட்டின் வேகம்தான் கையின் வேகம். முதுகு வலியை மறக்க மட்டுமல்ல, வரிசையில் யாரும் பின்தங்காமல் இருக்கவும் அது உதவும். ஏற்றம் இறைத்த காலத்தில் எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கைக்கூட பாட்டிலேயே வைத்திருந்தார்கள். மூன்றாவது தாலாட்டு. அதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

எதைப் பார்த்தாலும் அந்த இடத்திலேயே சொல் கட்டிப் பாடுவதுதான் கருப்பாயி அம்மாவின் பெருமை. 1993-ல் கலைமாமணி விருது பெற்றார். 2025 ஜூன் மாதம், 99 வயதில் காலமானார். அடுத்த மாதமே எங்கள் செஞ்சிக்கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஊரே சந்தோஷப்பட்டது, நானும்தான். கல்லுக்குக் காவல் போட்டாயிற்று. வாயில் இருக்கிற பாட்டுக்கு யார் காவல்?

எங்கள் கழனியில் முன்பெல்லாம் ஏக்கருக்குப் பதினைந்து பேர் நடவுக்கு இறங்குவார்கள். போன நவரைக்கு இயந்திரம் வைத்து நட்டோம். இயந்திரத்தைக் குறை சொல்ல மாட்டேன். நாள் முழுக்கச் சேற்றில் குனிந்து நின்ற பெண்களின் இடுப்பைக் கேட்டால் தெரியும். ஆனால் அந்தச் சத்தத்தில் பாட்டு எடுபடாது. பாட வேண்டிய அவசியமும் இல்லை.

எங்கள் தெருவில் முன்பாட்டுக்காரி ஒருவர் இருக்கிறார். எனக்குப் பெரியம்மா முறை. எண்பதைத் தாண்டிவிட்டார். "ஒரு பாட்டு பாடு பெரிம்மா" என்று திண்ணையில் உட்காரவைத்து செல்போனை நீட்டினேன். "அதெல்லாம் மறந்துபோச்சு போடா" என்றார். இரண்டு நாள் கழித்து, மல்லாட்டை உரிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்தேன். கை ஓட ஓட, வாயும் தானாக ஓடியது. ஒன்றுக்குப் பின் ஒன்றாக நாலு பாட்டு. அதில் ஒன்றில் இப்போது யாரும் போடாத நெல் ரகங்களின் பெயர்கள் வரிசையாக வந்தன. கேட்டால், "எங்கம்மா கட்டின பாட்டு" என்றார். அந்த அம்மாவின் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

நம் இதழில் பூச்சிக்கும் உரத்துக்கும் கேள்வி கேட்கிறோம். இந்த முறை நான் வாசகர்களிடம் ஒரு கேள்வி கேட்கிறேன்: உங்கள் ஊரில் முன்பாட்டு எடுப்பவர் யார்? அவர் இருக்கும்போதே பதிவு பண்ணுங்கள். உட்காரவைத்துக் கேட்காதீர்கள், ஏதாவது வேலை செய்யும்போது கேளுங்கள். நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள். பாடியவர் பெயர், ஊர், எந்த வேலைக்கான பாட்டு, யாரிடம் கற்றார் என்பதையும் அவர் வாயாலேயே கடைசியில் சொல்லச் சொல்லுங்கள். பதிவை வீட்டில் இரண்டு பேர் போனிலாவது வையுங்கள்.

விதைநெல்லை நாம் அப்படித்தானே காப்பாற்றினோம்? ஒரே குதிரில் வைக்காமல், பங்காளி வீட்டிலும் கொஞ்சம் கொடுத்து வைத்தோம்.