நாமக்கோழிக்கு யார் சாட்சி?

பெண்ணுக்கு என்ன உத்தியோகம் என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்டால், ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடிய வேண்டும். டாக்டர், டீச்சர், பாங்க் என்றால் கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு நகை விஷயத்துக்குப் போய்விடுவார். என் தமக்கைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அவள் மகள் விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்து, சர்க்கார் ஆராய்ச்சி நிலையமொன்றில் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது. ஆலைக் கழிவும் பூச்சிமருந்தும் சாக்கடையும் தங்கிக் கெட்டுப்போன இடங்களில், அங்கே வாழும் பறவைக்கும் மீனுக்கும் தவளைக்கும் என்ன நேர்ந்தது என்று கண்டறிவதுதான் வேலை. சம்பந்தம் பேச வந்த ஓர் அம்மாளுக்கு அக்கா இதை விளக்கப் போக, "அப்போ, மாட்டு டாக்டரா?" என்று அந்த அம்மாள் கேட்டாளாம். "இல்லீங்க, வைத்தியமெல்லாம் பாக்கமாட்டா" என்றாளாம் அக்கா. சம்பந்தம் அத்துடன் நின்றது!

என்னைக் கேட்டால் இது துப்பறியும் வேலை. ஆனால் தொடர்கதைத் துப்பறிவாளருக்கு இருக்கும் வசதிகள் இங்கே கிடையாது. உயிர் போகும் தறுவாயில் யாராவது ஒருவர் பெயரை முணுமுணுத்துவிட்டுக் கண்ணை மூடுவார் அல்லவா? இங்கே செத்துக் கிடப்பது கொக்கு. அது என்னத்தை முணுமுணுக்கும்? அதன் ஈரலும் முட்டையும்தான் பேச வேண்டும்.

அவற்றைப் பேச வைக்கும் வழி நமக்குத் தெரியாததல்ல. குழந்தைக்கு வயிற்றைப் போக்கினால், "உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் உண்டா?" என்று பக்கத்து வீட்டில் கேட்கிறோம். அங்கேயும் உண்டு என்றால் தெருக்குழாய்த் தண்ணீரைச் சந்தேகிக்கிறோம். இல்லையென்றால் நேற்றுத் தின்ற பண்டத்தை. இந்த விஞ்ஞானிகள் செய்வதும் அதேதான். கெட்ட குளம் ஒன்று, அதே சீதோஷ்ணத்தில் கெடாத குளம் ஒன்று, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

கலிபோர்னியாவில் கெஸ்டர்சன் என்று ஒரு நீர்த்தேக்கம். பறவைகளின் சரணாலயமாக வைத்திருந்த இடம். வயல்களில் பாய்ந்து வடிந்த நீரை நீண்ட கால்வாய் ஒன்றின் வழியாகக் கொண்டுவந்து அதில் விட்டார்கள். சில வருஷங்களில், கொசுவைத் தின்னும் ஒரு சின்ன மீனைத் தவிர மற்ற மீன்களெல்லாம் மறைந்துவிட்டன. 1983-ல், சர்க்காரின் மீன், வனவிலங்குத் துறையைச் சேர்ந்த ஹாரி ஓலண்டார்ஃப் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் அங்கே கூடு கூடாகப் பார்த்தார்கள். நம் கண்மாய்களில் நீந்துமே, கறுப்பு உடம்பும் நெற்றியில் வெள்ளை நாமமுமாக நாமக்கோழி, அதன் அமெரிக்கச் சொந்தக்காரப் பறவையின் முட்டைகள். உள்ளே கண் இல்லாத குஞ்சு, கால் இல்லாத குஞ்சு, அலகு கோணிய குஞ்சு. எழுதவே கை கூசுகிறது. அருகில் வோல்ட்டா என்ற இடத்தில், இந்த வடிகால் நீர் போகாத ஏரியில், குஞ்சுகள் சரியாகவே பொரித்திருந்தன.

குற்றவாளி யார் தெரியுமா? செலினியம். மண்ணிலேயே இருக்கும் பொருள். துளியிலும் துளியாக நம் உடம்புக்கும் தேவை. அளவு மிஞ்சினால் விஷம். யாரும் நள்ளிரவில் லாரி கொண்டுவந்து கொட்டவில்லை. பாசன நீர் மண்ணைக் கழுவி எடுத்துக்கொண்டு வந்தது, அவ்வளவுதான். இதில் தர்மசங்கடம் என்னவென்றால், வடிகால் சர்க்காருடையது, சரணாலயமும் சர்க்காருடையது, கண்டுபிடித்தவரும் சர்க்கார் சம்பளக்காரர். ஒரு கை செய்ததை மறு கை எழுத்தில் எழுதித் தர வேண்டியிருந்தது. எழுதித் தந்தார்கள். 1986-ல் அந்த நீர் நிறுத்தப்பட்டது. 1988-ல் தாழ்ந்த பகுதிகளை மண்ணிட்டு மூடினார்கள். சரணாலயக் குளங்களே இல்லாமல் போயின.

அமெரிக்கா எதற்கு, நம் கொடைக்கானலுக்கு வருவோம். ஜுரமானியில் வெள்ளியாக ஓடுமே பாதரசம், அந்த ஜுரமானி செய்யும் தொழிற்சாலை நியூயார்க் மாநிலத்திலிருந்து பெயர்ந்து 1980-களில் அங்கே வந்தது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி பழைய சாமான் கடைக்குப் போனது வெளிச்சத்துக்கு வந்து, ஊரார் கிளர்ந்தெழுந்து, 2001-ல் அப்போதைய ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனி ஆலையை மூடியது. அதன் பின்புறச் சரிவில்தான் பாம்பாறு சோலை. அங்கிருந்து இறங்கும் தண்ணீர் பெரியகுளம் பக்கம் கும்பக்கரை அருவியாக விழுந்து, கடைசியில் வைகையின் வழிக்கு வருகிறது. மதுரைக்காரியான எனக்கு இது தூரத்துச் செய்தியல்ல.

அங்கே சாட்சி சொன்னது எது என்று நினைக்கிறீர்கள்? மரப்பட்டையில் சாம்பல் நிறத்தில் படர்ந்திருக்கும் கற்பாசியும், ஈரப் பாறையில் வளரும் பாசியும்! கற்பாசிக்கு வேர் கிடையாது. காற்றும் மழையும் பனியும் கொண்டுவந்து கொடுப்பதைத்தான் உண்ணும். ஆகவே காற்றில் பாதரசம் இருந்தால் அதன் உடம்பில் சேர்ந்துவிடும். ஹைதராபாத்திலுள்ள அணுசக்தித் துறை விஞ்ஞானிகள் அவற்றையும், பிறகு கொடைக்கானல் ஏரியின் நீரையும் மீனையும் சோதித்து 2003-லும் 2006-லும் வெளியிட்டார்கள், பாதரசம் இருந்தது. ஆலை வளாகத்து மண்ணைச் சுத்தம் செய்யும்போது, கிலோவுக்கு 20 மில்லிகிராம் வரை பாதரசம் மிஞ்சலாம் என்று முடிவு செய்தார்கள். காட்டின் விளிம்புக்கு இந்த அளவு போதாது, இன்னும் கடுமை வேண்டும் என்று உள்ளூரில் வாதாடினார்கள். எனக்கும் அதே அபிப்பிராயம்தான். மனிதன் நடந்துபோகும் மண் வேறு. தவளை தோலாலேயே குடிக்கும் மண் வேறு.

சென்ற கார்த்திகையில் அக்கா மகள் விளாங்குடிக்கு வந்திருந்தாள். விடியற்காலையில் பைனாகுலரும் நோட்டுப் புத்தகமுமாகக் கண்மாய்க் கரைக்குப் புறப்பட, நானும் கூடப் போனேன். வயலுக்குப் பாய்ந்த கண்மாய். வயலெல்லாம் வீட்டு மனையாகி நாளாயிற்று. வீடுகள் தண்ணீரை வாங்குவதில்லை, கொடுக்கத்தான் செய்கின்றன. அந்தத் தண்ணீர் என்ன நிறம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் மழை பெய்திருந்ததால் நாமக்கோழி வந்திருந்தது, முக்குளிப்பான் வந்திருந்தது. கோரைக்குள் கூடுகள் தெரிந்தன. "ஒரு முட்டையை எடுத்துப் பார்த்துவிடேன்" என்றேன்.

"அனுமதி இல்லாம தொடக் கூடாது சித்தி. 1972-ஆம் வருஷத்துச் சட்டம் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கூடுகளை மட்டும் எண்ணி எழுதிக்கொண்டாள். திரும்பத் திரும்ப மூன்று தடவை எண்ணினாள். எனக்குக் கால் கடுத்துவிட்டது.

வீட்டுக்கு வந்தால், வாசலில் மீன்காரம்மாள் கூடையை இறக்கியிருந்தாள். கண்மாயில் பிடித்த ஜிலேபி மீன். அம்மா பேத்தியைப் பார்த்து, "ஏத்தா, நீதான் இதுக்குன்னு படிச்சிருக்கியே. இதை வாங்கலாமா, வேண்டாமா?" என்றாள்.

"சோதிச்சுப் பாக்காம சொல்ல முடியாது அம்மாச்சி."

"இத்தனை படிச்சும் பாத்தாத் தெரியலியா?"

"பாத்தாத் தெரியாது."

மீன்காரம்மாள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு அன்றைய வியாபாரமே அந்தப் பதிலில் இருந்தது. வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அம்மாவுக்குத் திருப்தி. நல்ல மீன் என்றிருந்தால் கூடைக்காரிக்குத் திருப்தி. இரண்டையும் சொல்லாமல், அந்தப் பெண் மூன்று மீனைக் காசு கொடுத்து வாங்கினாள். எந்த மடைப் பக்கம் வலை போட்டது என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். தனித்தனியாகப் பொட்டலம் கட்டிப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தாள். முடிவு தெரிய மூன்று மாதமாவது ஆகும் என்றாள்.

"அதுவரைக்கும் நான் என்ன குழம்பு வைக்கிறது?" என்றாள் அம்மா.